பலகை எழுதுகிறவர்களுக்கு, மலையிலிருந்து ஒரு மடல்

நீலகிரியின் சுற்றுலாத் தகவல் பலகைகளையும் கைப்பிரதிகளையும் எழுதித் தருகிற அன்பர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் உங்களில் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பலகையிலும் எழுதினவர் பெயர் இருப்பதில்லை. அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன். நான் குன்னூர்க்காரன். வேலை காரணமாக வாரத்தில் மூன்று நாள் ஊட்டி போய்வருகிறேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் பலகை படிப்பது என் வழக்கம். நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

போன சீசனில் நடந்தது இது. ஊட்டியில் எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே இருக்கிற வாட்ச்மேன் தலையில்தான் விடியும். தூறலுக்கு ஒதுங்கி நின்ற ஒரு குடும்பம். பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம். நாலாவது ஐந்தாவது படிக்கிற பெண் குழந்தை பலகையைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தது: "1819-ஆம் ஆண்டு ஜான் சல்லிவன் உதகையைக் கண்டுபிடித்தார்." பக்கத்தில் கம்பளிக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: "ஏன், அதுவரைக்கும் தொலைஞ்சா போயிருந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குன்னூர் வந்து இறங்கும்போதுதான் கொஞ்சம் உறைத்தது.

தொலைந்து போகவில்லை என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு சாமராஜநகர் பக்கம் கிடைத்திருக்கிறது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக அது சொல்கிறது. பிடித்தவன் பெருமைக்கு வெட்டிக்கொண்டதுதான். ஆனாலும் சல்லிவன் ஏறுவதற்கு எழுநூறு வருடம் முன்பே தோடர்களின் பெயரும் மலையின் பெயரும் ஒரே வரியில் வந்துவிட்டன. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் வடக்கே போகிற வழியில் நீலகிரியில் பாடி வீடு அமைத்துத் தங்குகிறான். அது நம் மலைதான் என்று சொல்வோர் பலர். கோத்தகிரிக்குக் கீழே கரிக்கியூர்ப் பக்கம் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. மாவட்டத்தின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் மலை உச்சிகளிலிருந்த பழைய கல்வட்டங்களைத் தோண்டினார். அதில் கிடைத்த வெண்கலக் கிண்ணங்களில் சில இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு பலகை இல்லை.

வெள்ளைக்காரரிலும் சல்லிவன் முதல் ஆள் இல்லை. 1603-லேயே ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார்ப் பக்கமிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1812-இல் கீஸ், மக்மகான் என்ற இரண்டு பேர் அளவெடுக்க வந்தார்கள். 1818-இல் சல்லிவனுக்குக் கீழே வேலை பார்த்த விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறினார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அடுத்த ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவனே கிளம்பினார்.

அவரைக் குறைத்துப் பேச எனக்கு ஆசையில்லை. இந்த நிலம் தோடர்களுக்கு உரியது, அவர்களுக்கு முழு உரிமை கொடுக்க வேண்டும் என்று கம்பெனி அரசோடு மல்லுக்கு நின்றவர் அவர். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் முதல் பங்களா கட்டினார். 1822-இல் ஊட்டியில் கல் வீடு எழுப்பத் தொடங்கினார். அது இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மனைவியையும் மகளையும் இதே ஊர் மண்ணில், செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் புதைத்துவிட்டுப் போனார். அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்துவந்த மரம். நல்லது கெட்டது இரண்டும் கலந்த மனிதர். அவரை இப்படி முழுசாக எழுதினால் அவருக்கும் மரியாதை. "கண்டுபிடித்தார்" என்ற ஒரு சொல்லில் அடைத்தால் அவரும் பொம்மை ஆகிறார், இருந்தவர்களும் இல்லாமல் போகிறார்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்பது என் முதல் விண்ணப்பம். "வந்தார்" போதும்.

அடுத்தது, பேர்.

மலையில் ஒரு ஊர்ப் பெயரின் வாலைப் பார்த்தால் யாருடைய ஊர் என்று தெரிந்துவிடும். மந்து என்று முடிந்தால் தோடர் குடியிருப்பு. ஹட்டி என்றால் படுகர் ஊர். கொக்கால் என்றால் கோத்தர். பெட்டா என்றால் மலை. தொட்டபெட்டா என்றால் பெரிய மலை, அவ்வளவுதான். 2,637 மீட்டர் உயரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள், பெயருக்கு அர்த்தம் போட இடமில்லாமல் போனதா? கோத்தகிரி என்ற பெயரைப் பார்த்துவிட்டு "கோட்டை எங்கே இருக்கு?" என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோத்தர் கேரி, கோத்தர்களின் தெரு, அதுதான் கோத்தகிரி ஆனது. இரும்பும் மண்பானையும் இசையும் அவர்களுடைய கை. தோடர் எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் கொடுத்தார்கள், படுகர் தானியம் கொடுத்தார்கள், குறும்பர் காட்டிலிருந்து தேனும் மருந்தும் கொண்டுவந்தார்கள். காசு இல்லாமல் ஒரு மலை முழுக்கக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. உலகம் முழுக்க மானிடவியல் படிக்கிறவர்கள் நீலகிரியைப் படிப்பது இதற்காகத்தான்.

வெலிங்டன் என்று ராணுவ ஊர் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஜக்கதலா. பக்கத்துப் படுகர் ஊரான ஜெகதளாவின் பெயர். கோத்தகிரி வழியில் எல்லாரும் போட்டோ எடுக்கிற கேத்தரின் அருவி, காபி பயிரிட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயர். அதற்கு முன் அந்த அருவிக்குப் பெயரே இல்லாமலா இருந்தது? கெத்தெஹாடா ஹள்ளா என்பார்கள் படுகர்கள். இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஒன்றை அழித்து ஒன்றை எழுதச் சொல்லவில்லை. கேத்தரினும் இங்கே வாழ்ந்தவர்தான்.

உதகமண்டலம் என்ற பெயருக்கு வருகிறேன். 1821-இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்த கடிதத்தில் 'வொட்டோகிமண்ட்' என்று இருக்கிறது. ஒத்தைக்கல் மந்து என்பதுதான் மூலம் என்று சொல்கிறார்கள். அந்த ஒத்தைக்கல் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கல்லைக் காட்டுவார்கள். அது துரைமார் வாயில் ஊட்டகமண்ட் ஆகி, சுருங்கி ஊட்டி ஆகி, தமிழில் திரும்பும்போது உதகமண்டலம் ஆயிற்று. உதகம் என்றால் தண்ணீர். யார் எந்த நினைப்பில் வைத்தார்களோ, அந்தப் பெயர் இந்த ஊருக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டது. நான் சொல்லவந்ததே தண்ணீரைத்தான்.

ஊட்டி ஏரி இயற்கையான ஏரி என்று நினைத்துப் படகில் போகிறவர்கள்தான் அதிகம். 1823-இலிருந்து 1825 வரையில் ஓடைகளை மறித்துச் சல்லிவன் கட்டியது அது. அதற்கு முன் அங்கே பள்ளத்தாக்கும் சதுப்பு நிலமும் இருந்தன. சதுப்பு என்றால் சேறு என்று நினைக்கிறார்கள். நம் மலையில் சோலைக் காடு, புல்வெளி, சதுப்பு மூன்றும் ஒரே உடம்பு. மலைமுகட்டுப் புல்வெளி மழையை வாங்கும், மடிப்புகளில் இருக்கிற சோலை அதை இழுத்துப் பிடிக்கும், கீழே சதுப்பு சொட்டுச் சொட்டாக வருடம் முழுக்க விடும். மார்ச் மாதத்திலும் ஓடையில் தண்ணீர் இருப்பதற்கு இதுதான் காரணம். விறகுக்காக 1843 வாக்கில் யூகலிப்டஸ் வந்தது. அதோடு சீகை மரமும் சேர்ந்துகொண்டது. புல்வெளியில் பாதி அவற்றின் அடியில் போயிற்று. பின்னாலேயே தேயிலை. யூகலிப்டஸ் காட்டில் நின்று "என்ன இயற்கை!" என்று சொல்கிறவரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

ஏரியும் முதலில் இருந்த அளவில் இல்லை. சுருங்கிய இடத்தில்தான் பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்காக நான் நிற்கிற இடம் பழைய ஏரித் தண்ணீர். இதை ஒரு பலகையில் எழுதி பஸ் நிலையத் தூணில் மாட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று யாரும் யாரையும் திட்ட வேண்டியிராது.

ஊட்டி குடிக்கிற தண்ணீர் மேற்கே பார்சன்ஸ் வேலியிலிருந்து வருகிறது. குடித்தது, குளித்தது, கழுவியது எல்லாம் எங்கே போகிறது? கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போகிறது. மந்து என்ற பெயரோடு ஒரு சாக்கடை. எருமை மேய்ந்த இடத்தின் பெயர் அது. ஏரியிலிருந்து வழிவது சாண்டிநல்லா, காமராஜ் சாகர் பக்கம் போய், கல்லட்டி அருவியாக விழுந்து, சீகூர் ஆறாகி மாயாற்றில் சேர்கிறது. கீழே மசினகுடி வறண்ட பூமி; மேற்கு மழை அங்கே எட்டுவதற்குள் தீர்ந்துவிடும். கோடையில் அங்கே யானைக்கும் மாட்டுக்கும் அந்த ஆறுதான் கதி. ஊட்டியில் ஓர் அறையில் குழாயைத் திறந்தவர் மறுநாள் ஜீப்பில் மசினகுடி போய் யானை தண்ணீர் குடிப்பதைப் படம் எடுக்கிறார். இரண்டும் ஒரே தண்ணீர் என்று அவருக்குத் தெரிந்தால் குழாயை மூடுவாரா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இந்த மலையில் எங்கே நின்று தண்ணீர் ஊற்றினாலும் வடக்கே மாயாறு அல்லது தெற்கே பவானி என்றுதான் அநேகமாகப் போகும். குன்னூர் ஆறும் பவானிக்குத்தான். இரண்டும் பவானிசாகர் அணையில் கைகோத்துக் கொள்கின்றன. ஈரோட்டு விவசாயி ஒருவர் குன்னூர் மார்க்கெட் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தன் வயல் தண்ணீரின் நிலைமையைப் பார்க்கலாம். பார்க்காமல் இருப்பதே அவருக்கு நிம்மதி.

மூன்று ஊர்களையும் "குளுகுளு பிரதேசம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறீர்கள். ஒரே மலைதான், ஆனால் மழை ஒன்றில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். குந்தா மலைகளின் மறைவில் இருக்கிறது. அந்தக் குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அவலாஞ்சி என்ற பெயரே பழைய நிலச்சரிவின் நினைவு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரி அதற்கும் சற்றுக் கீழே; இரண்டும் கிழக்கைப் பார்த்தவை, எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகை வந்தால் எங்கள் வீடுகளில் ராத்திரி யாரும் சரியாகத் தூங்குவதில்லை. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் வழியில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை இறங்கி ரோட்டையும் தண்டவாளத்தையும் ஆட்களையும் கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சரிவுகளைக் கடந்துதான் எல்லா வண்டியும் மேலே வருகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு 1/14, 2/14 என்று எண் எழுதத் தெரிந்த நமக்கு, இங்கே மண் ஏன் நகர்ந்தது என்று நாலு வரி எழுத முடியாதா? பயமுறுத்தச் சொல்லவில்லை. சரிவை வெட்டி ரிசார்ட் கட்ட இடம் பார்க்க வருகிறவரும் அந்த வழியாகத்தான் வருகிறார்.

மலை ரயிலைப் பற்றி நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல். 1854-இல் பேச ஆரம்பித்து 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை. எண்ணெல்லாம் சரி. விட்டுப்போனது ஆட்கள். ஒருநாள் ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்க மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன், கொடியோடு நிற்பார். மழையானாலும் பனியானாலும் அங்கேதான். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற்றம். காதை வைத்துக் கேட்டால் கடக், கடக் என்று ஒவ்வொரு பல்லும் எண்ணலாம். மேலே வர ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை. மலை எவ்வளவு செங்குத்து என்பதை இதைவிடப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

கூடலூரையும் பந்தலூரையும் கைப்பிரதிகளில் பெரும்பாலும் "போகும் வழி" என்றே எழுதுகிறீர்கள். 1877 வரை அவை மலபார் மாவட்டம். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூரில் தங்கம் இருக்கிறது என்று லண்டனிலிருந்து பணம் கொட்டி, சீக்கிரமே கம்பெனிகள் கவிழ்ந்தன. சுரங்கக் குழிகள் மட்டும் மிச்சம். நடுவட்டத்தில் மலேரியா மருந்துக்காக சின்கோனா பயிரிட்டபோது, மலாக்கா ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளை அங்கே வேலை வாங்கினார்கள். விடுதலையானவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை.

தேயிலைக் காட்டைச் சினிமாப் பாட்டு எடுக்கிற இடமாக மட்டும் காட்டாதீர்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ, அதாவது அரசுத் தேயிலைக் கழகம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்த கைகள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் பறித்தன. ராமேஸ்வரத்தில் இறங்கி, ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் முதல்முறை குளிர்காற்று பட்டபோது "பழைய ஊர் வாசனை அடிச்சுது" என்று எங்கள் பக்கத்து லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த கிழவி ஒருவர் சொல்வார். அவர்களுடைய லயன்களைப் பற்றி எந்தப் பலகையிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று, இது பெருமைக்காக. ஊட்டியை ஒட்டி முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் அதை ஏன் இங்கே கொண்டுவந்தார் தெரியுமா? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரி அளவில் இருக்கிறது. ஏறக்குறைய அதே சாய்வில் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் படுக்க வைத்தால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே திசையில் சுழற்றினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மற்றவர்கள் வெட்டிச் சமன்படுத்துகிற சரிவை, சரிவாகவே பயன்படுத்திய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுத்துத்தான் வண்டிகள் மேலே வருகின்றன. வருகிற ஒவ்வொருவரும் போனில் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். அந்தப் படிவத்தின் கடைசியில் மூன்று வரி சேருங்கள்: நீங்கள் தங்கப்போகிற ஊரின் பெயருக்கு அர்த்தம் என்ன, அங்கே குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது. பலகை அடிக்கவோ வர்ணம் பூசவோ செலவில்லை.

பலகையாகவே வைக்க வேண்டுமென்றால் இடமும் பார்த்து வைத்திருக்கிறேன். கோடப்பமந்து கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பழைய இரும்புச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, பலகை எப்போதோ போய்விட்டது. போல்ட்டு துரு பிடித்திருக்கிறது, ஆனால் உறுதியாகத்தான் இருக்கிறது, ஆட்டிப் பார்த்தேன். நடுவதற்கு வருகிறவர்கள் மூக்குக்கு ஒரு கைக்குட்டை கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
பலகை படிக்கிற குன்னூர்க்காரன்